சொறி பட்டதா, அக்கியா?

"வலை இழுக்கையில சொறி பட்டுருச்சு டாக்டரம்மா" என்றார் தங்கச்சிமடத்திலிருந்து வந்த அண்ணன். சொறி என்றால் எங்கள் பக்கம் கடலில் மிதக்கும் ஜெல்லிமீன். 50 வயதைத் தாண்டியவர், நாள்பட்ட சர்க்கரை. சட்டையைக் கழற்றினால், முதுகுத்தண்டில் தொடங்கி இடது விலாவைச் சுற்றி நெஞ்சுக்குழியோடு நின்றுபோன ஒரு பட்டை. அதன்மேல் எழுதிய காவி மண் காய்ந்து வெடித்திருந்தது, தோள்பட்டையில் காவியிலேயே ஒரு சிங்கம் வேறு. ஈரப்பஞ்சு வைத்து ஊறவிட்டு எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். அடியில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம்.

சொறி பட்டால் அந்த நொடியே எரியும். இவருக்கோ கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே விலாவில் சுருக் சுருக்கென்று குத்தியிருக்கிறது. வாயு என்று பூண்டு தின்றிருக்கிறார். வலி முந்தி வருவதும், உடம்பின் ஒரு பக்கத்தோடு நிற்பதும் அக்கியின் அடையாளம். சிறுவயதில் வந்த சின்னம்மை இறங்கினாலும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கும். வயதாலோ சர்க்கரையாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். அந்த நரம்பு போகும் பாதைதான் அந்தப் பட்டை.

கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். அசைக்ளோவிர் என்றால் 800 மி.கி., நாளைக்கு 5 வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும் என்பதால் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். காவியோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் எங்கள் பக்கம் அதை மூன்று நாள் எழுதுவார்கள், மருந்துக்குரிய மூன்று நாளும் அதுதான். அண்ணன் வந்தது நான்காம் நாள். புதுக் கொப்புளம் இன்னும் கிளம்பிக்கொண்டிருந்ததால் மாத்திரை கொடுத்தேன்.

தாமதத்தின் விலை பிறகு தெரியும். புண் ஆறி ஆறு மாதமாகியும் சீலை உரசினாலே துடிக்கும் ஒரு ஆத்தா என்னிடம் வருகிறார். சாதாரண வலி மாத்திரைக்கு அது மசியாது. பிரிகாபாலின் போன்ற நரம்பு மருந்துதான். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து, அன்றைக்கே கண் டாக்டர்.

எரிச்சலுக்குக் குளிர்ந்த ஈரத்துணி, காலமைன், தளர்வான பருத்தி உடை போதும். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது. குளிக்கலாம், மீனும் சாப்பிடலாம். (இந்தக் கரையில் மீனை நிறுத்தச் சொன்னால் என்னைத்தான் நிறுத்துவார்கள்.) புண் காயும்வரை கடலுக்குப் போக வேண்டாம், வலைக்கயிறு உரசினால் சீழ் வைக்கும்.

2023 முதல் அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி இந்தியாவில் கிடைக்கிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு 2 ஊசி. விலைதான் இடிக்கிறது.

கிளம்பும்போது, "மக தலைப்பிரசவத்துக்கு வந்துருக்காளே, ஒட்டிக்குமா?" என்றார். கொப்புள நீர் பட்டால் அம்மை வராதவர்களுக்கு அம்மை வரும், கர்ப்பிணிக்கு அது ஆகாது என்றேன். உடனே வீட்டுக்குப் போன் போட்டார். மறுமுனையில் அவர் சம்சாரத்தின் குரல் எனக்கே கேட்டது: "ரெண்டாங்கிளாஸ் படிக்கையில வேப்பிலையில படுக்க வச்சோமே, மறந்துட்டியளா?"