பாப்பாவின் பெட்டியும் பத்து மைக்ரோமீட்டர் ஒளியும்

"அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவளுடைய முதல் தொப்பி, மருத்துவமனையில் கையில் கட்டிய அடையாளப் பட்டை, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த, லேசரில் வெட்டிய மரப்பெட்டி ஒன்று செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். லேசர் என்றால் கதிர்வீச்சுதானே, அது மரத்தில் தங்கிவிடாதா, பச்சைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்கலாமா?"

வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தங்காது, தாராளமாக வைக்கலாம் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். ஆனால் அந்தப் பெட்டியை வெட்டும் ஒளிக்கும் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் ஒரு நெருங்கிய உறவு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் பயத்தைப் பார்ப்போம். குழப்பத்துக்குக் காரணம் 'கதிர்வீச்சு' என்ற சொல்தான். அணுக்கருவிலிருந்து சீறி வருவதையும் அதே பெயரால் அழைக்கிறோம், மேசை விளக்கின் வெளிச்சத்தையும் அதே பெயரால் அழைக்கிறோம். ஒரு கதிர் ஆபத்தானதா என்று அறிய, அதன் ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஒளியின் மிகச் சிறிய பொட்டலமும், எவ்வளவு ஆற்றல் சுமக்கிறது என்று கேட்க வேண்டும். மரம் வெட்டப் பெரிதும் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் ஒளியின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் சுமார் 0.12 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு இது). கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியின் ஃபோட்டானில் இதைப்போல ஏறக்குறைய 20 மடங்கு ஆற்றல் உண்டு. இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை அறுக்க மூன்றரை எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாமல் வேண்டும். ஆக, மரம் வெட்டும் லேசரின் தனி ஃபோட்டான், படுக்கையறை விளக்கின் ஃபோட்டானைவிடச் சாது. அது அணுக்கருவை எட்டிக்கூடப் பார்க்காது. மரத்தில் பட்டதும் வெப்பமாக மாறுகிறது. அத்தோடு அதன் கதை முடிகிறது. மிஞ்சுவது சூடும் கரியும் மட்டுமே, சூடும் சில நொடிகளில் ஆறிவிடும்.

இப்போது உறவு. சூடாக இருக்கும் எந்தப் பொருளும் ஒளி உமிழ்கிறது. எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து எந்த அலைநீளத்தில் அதிகம் உமிழ்கிறது என்பதை வீன் விதி சொல்லிவிடும், பள்ளியில் படித்திருப்பீர்கள். மனிதத் தோலின் வெப்பநிலைக்குக் கணக்குப் போட்டால் விடை 9 மைக்ரோமீட்டரைத் தாண்டி, பத்துக்குச் சற்று முன்னால் வந்து நிற்கிறது. காதில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி, தொடாமலே நெற்றியில் காட்டிப் பார்க்கும் கருவி இரண்டும் இந்த அகச்சிவப்பு ஒளியைத்தான் அளக்கின்றன. குழந்தையை மார்போடு அணைக்கும்போது உணரும் கதகதப்பிலும் இதன் பங்கு உண்டு. பெட்டியை வெட்டும் 10.6 மைக்ரோமீட்டர் ஒளி இதற்கு அடுத்த வீட்டுக்காரர். பெரியவர்கள் அஞ்சும் அதே வகைக் கதிரை இரவும் பகலும் குழந்தையே வீசிக்கொண்டிருக்கிறாள்.

அப்படியானால் குழந்தை ஏன் தொட்டிலை வெட்டுவதில்லை? அவள் உடலின் ஒளி எல்லாத் திசையிலும், பலப்பல அலைநீளங்களில், சந்தைக் கூட்டம்போலச் சிதறுகிறது. லேசர் ஒளி ஒரே அலைநீளத்தில், ஒரே திசையில், அணிவகுத்து வருகிறது. அந்த அணிவகுப்பு எப்படி உண்டாகிறது என்பதுதான் எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத கதை.

எந்திரத்தின் பின்பக்கத்தில் நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். உள்ளே குறைந்த அழுத்தத்தில் மூன்று வாயுக்கள்: கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம். முதலிரண்டும் நாம் விடும் மூச்சிலேயே இருக்கின்றன. மூன்றாவதைப் பலூனில் அடைக்கிறோம். இந்தச் சாதாரணச் சரக்கை வைத்துக்கொண்டு மரத்தை அறுக்கும் ஒளியை எப்படி வரவழைப்பது?

கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறில் மூன்று அணுக்கள் நேர்க்கோட்டில் நிற்கின்றன; நடுவில் கார்பன், இருபுறமும் ஆக்சிஜன். சுருள்வில்லால் இணைத்த மூன்று பந்துகளாக எண்ணிக்கொள்ளுங்கள். அது மூன்று விதமாக ஆடும். இரு ஆக்சிஜன்களும் ஒரே நேரத்தில் விலகி, ஒரே நேரத்தில் நெருங்குவது ஒன்று. நடுவில் முறிந்து வில்போல வளைந்து நிமிர்வது இரண்டாவது. (பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நம்மைப் பாடாய்ப் படுத்துவது இந்த வளைவாட்டம்தான்.) மூன்றாவதில் ஒருபக்க வில் சுருங்கும்போது மறுபக்க வில் நீளும், கார்பன் நடுவில் அல்லாடும். மூன்றிலும் அதிக ஆற்றல் தேவைப்படுவது இந்த மூன்றாவது ஆட்டத்துக்கு. அதிலிருந்து முதல் வகை ஆட்டத்துக்கு மூலக்கூறு இறங்கினால், மிச்சமாகும் ஆற்றல் 10.6 மைக்ரோமீட்டர் ஃபோட்டானாக வெளியேறும்.

ஆக, ஏராளமான மூலக்கூறுகளை மூன்றாவது ஆட்டத்துக்கு ஏற்றிவிட வேண்டும். மின்சாரத்தைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் கண்டபடி மோதி, எல்லா ஆட்டங்களையும் கலந்துகட்டிக் கிளப்பிவிடும். நமக்கு வேண்டியதோ ஒன்று மட்டும். இங்கேதான் நைட்ரஜன் வருகிறது. இரண்டு ஒரே மாதிரி அணுக்கள். ஆடத் தெரிந்தது ஒரே ஆட்டம்தான், விலகி நெருங்குவது. எலக்ட்ரான் மோதினால் நைட்ரஜன் அந்த ஆட்டத்தைத் தொடங்கிவிடும். ஆனால் இரு பக்கமும் சமமாக இருப்பதால் அதன் மின்னூட்டம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. சாயாத மின்னூட்டத்தால் ஒளியை உமிழ முடியாது. கையில் ஆற்றல் இருக்கிறது, செலவழிக்க வழியில்லை. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அந்த மூலக்கூறு குழாய்க்குள் அலைகிறது.

அலையும்போது ஒரு கார்பன் டை ஆக்சைடோடு மோதுகிறது. இயற்கையின் தற்செயல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: நைட்ரஜனின் ஆட்டத்துக்கு வேண்டிய ஆற்றலும் கார்பன் டை ஆக்சைடின் மூன்றாவது ஆட்டத்துக்கு வேண்டிய ஆற்றலும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்னக் குறையை மூலக்கூறுகள் அங்குமிங்கும் ஓடும் வேகமே ஈடுகட்டிவிடும். மோதிய கணத்தில் நைட்ரஜன் சும்மா நின்றுவிடுகிறது, கார்பன் டை ஆக்சைடு ஆடத் தொடங்குகிறது. அதுவும் சரியாக நாம் கேட்ட ஆட்டத்தை. பக்கத்துப் பக்கத்து ஊஞ்சல்களில் ஒன்றின் ஆட்டம் கயிறு வழியே மற்றொன்றுக்குப் போவதைப் போன்றது இது. ஊஞ்சல்களின் நீளம் பொருந்தாவிட்டால் இது நடக்காது.

மேல்தளத்தில் கூட்டம் சேர்ந்தாகிவிட்டது. தற்செயலாக ஒரு மூலக்கூறு இறங்கி ஒரு ஃபோட்டானை விடுகிறது. அந்த ஃபோட்டான் ஆடிக்கொண்டிருக்கும் இன்னொரு மூலக்கூறைக் கடக்கும்போது அதையும் இறங்க வைக்கிறது. வெளிவரும் இரண்டாவது ஃபோட்டான் முதலாவதன் அச்சு அசல் நகல்: அதே அலைநீளம், அதே திசை, அதே தாளம். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும். குழாயின் இரு முனைகளிலும் உள்ள ஆடிகள் அவற்றைத் திரும்பத் திரும்பக் குழாய்க்குள் அனுப்பிப் பெருக்குகின்றன. ஒரு முனை ஆடி மட்டும் கொஞ்சம் ஒளியை வெளியே கசிய விடும். கீழே இறங்கிய மூலக்கூறுகள் வளைவாட்டத்தில் தேங்கிவிடாமல் மோதி மோதி அடங்கச் செய்து, மறுபடி ஏறத் தயார்ப்படுத்துவது ஹீலியத்தின் வேலை.

ஃபோட்டான் ஃபோட்டானைப் பிரசவிக்கும் என்று ஐன்ஸ்டைன் 1917-இல் காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார். முதல் லேசரைத் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லை வைத்து 1960-இல் ஒளிர வைத்தார். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். தனிக் கார்பன் டை ஆக்சைடிலிருந்து கிடைத்த ஒளி சொற்பம். நைட்ரஜனைச் சேர்த்ததும் அது எகிறியது. இவர்களில் யாரும் மரப்பெட்டி செய்யப் புறப்படவில்லை. மூலக்கூறுகள் எப்படி ஆடுகின்றன என்ற கேள்விக்கு 'உடனடிப் பயன்' என்ன என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் வைத்து அன்று கேட்டிருந்தால், அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்திருக்கும். இன்றும் அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்குப் பணம் தர மறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. சரி, பெட்டிக்குத் திரும்புகிறேன்.

குழாயிலிருந்து வரும் கற்றை கண்ணுக்குத் தெரியாது. எந்திரத்தில் தெரியும் சிவப்புப் புள்ளி, எங்கே வெட்டப்போகிறது என்று காட்டும் வேறொரு குட்டி லேசருடையது. கண்ணாடி வில்லை இந்த அலைநீளத்தை விழுங்கிவிடும் என்பதால், துத்தநாக செலினைடால் ஆன மஞ்சள் வில்லை கற்றையைக் குவிக்கிறது. வெறும் 40 வாட் ஒளியை 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் குவித்தால், அங்கே விழும் ஒளியின் செறிவு நண்பகல் வெயிலைப்போல 50 லட்சம் மடங்கு. சூரியனின் மேற்பரப்பிலேயே வெளிப்படும் செறிவைவிட இது சுமார் 80 மடங்கு அதிகம். எவ்வளவு பெரிய பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்தாலும் சூரியப் பரப்பின் செறிவை மிஞ்ச முடியாது. சந்தைக் கூட்டத்தை அதற்கு மேல் நெருக்க இயற்கை விடாது. அணிவகுத்து வரும் ஒளிக்கு அந்தத் தடை இல்லை.

அந்தப் புள்ளியில் சிக்கிய மரத்துக்கு மெதுவாகப் பற்றி எரிய அவகாசமே கிடையாது. மர இழைகளின் முக்கியப் பொருளான செல்லுலோசில் உள்ள கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகள் இந்த அலைநீளத்துக்கு அருகில்தான் ஆடுகின்றன. அதனால் மரம் ஒளியை ஆசையாக உறிஞ்சிக்கொண்டு, சில நூறு டிகிரிகளில் சிதைந்து, வாயுவாகவும் ஆவியாகவும் வெளியேறுகிறது. மரம் வெப்பத்தை நன்றாகக் கடத்தாது; ஆகவே அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் மரத்துக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் கற்றை நகர்ந்துவிடும். முனையிலிருந்து வீசும் காற்று அந்த வாயுக்கள் தீப்பிடிப்பதற்கு முன் ஊதித் தள்ளிவிடுகிறது. காற்று நின்றால் சுடர் எழும். எந்திரம் ஓடும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். விளிம்பில் தங்கும் கருமை கரி. பெட்டியைத் திறந்ததும் வரும் புகை வாசனை, மர இழைகளைப் பிணைத்து நிறுத்தும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து உண்டானது.

பெட்டி செய்யும்போது பலரும் சறுக்கும் இடம் வேறு. கற்றை போன பாதையில் மரம் காணாமல் போகிறது. அந்தத் தடத்தின் அகலத்தைத் தொழிலில் கெர்ஃப் என்பார்கள். மெல்லிய ப்ளைவுட்டில் அது 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பக்கப் பலகைகளைக் கோத்த விரல்கள்போலப் பொருத்தும் இணைப்பில், 10 மில்லிமீட்டர் என்று வரைந்த பல் இருபுறமும் 0.1 இழந்து 9.8 ஆகிறது. அது நுழைய வேண்டிய பள்ளம் 10.2 ஆகிறது. மொத்தத்தில் 0.4 மில்லிமீட்டர் தளர்வு. பெட்டி கையில் ஆடும். நான் முதலில் செய்த பெட்டி அப்படித்தான் ஆடியது, பசைதான் மானத்தைக் காப்பாற்றியது. வரைபடத்தில் எல்லாக் கோடுகளையும் கெர்ஃபில் பாதி அளவு மரத்துக்கு வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டால் பற்கள் தட்டி இறக்கும்படி கச்சிதமாக அமையும். 3 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகை உண்மையில் எவ்வளவு என்பதையும் வெர்னியர் காலிப்பரில் அளந்து பாருங்கள். மூடியில் பெயரைத் துளையாக வெட்ட ஆசைப்பட்டால் கவனம்: 'ண', 'ன' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் மரத்துண்டு பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். மேலோட்டமாகப் பொறிப்பது நல்லது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: பெட்டியைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும் என்றால், லேசரை விட்டுவிட்டு மரத்தைப் பற்றிக் கவலைப்படலாம். விளிம்புக் கரி கையில் ஒட்டும். உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். ப்ளைவுட் பசையின் வாடையும் புகை வாசனையும் போகச் சில நாள் திறந்து வைக்க வேண்டும். மரம் தொடர்ந்து அசெட்டிக் அமில ஆவியைச் சிறிது சிறிதாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். ஓக் மரம் இதில் மோசம் என்பதால் அருங்காட்சியகங்கள் காட்சிப் பெட்டிகளுக்கு அதைத் தவிர்க்கின்றன. துணியையும் காகிதத்தையும் அமிலமற்ற தாளில் சுற்றி உள்ளே வையுங்கள்.

ஸ்கேன் படம் மட்டும் தனிக்கதை. அது பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சிடப்படுகிறது. சூடு பட்ட இடத்தில் தாளின் பூச்சிலுள்ள சாயம் கறுக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் கை எண்ணெயும் பட்டுப் பின்னர் அதே சாயம் வெளிறிப்போகிறது. குழந்தை பள்ளிக்குப் போகும் வயதில் பெட்டியைத் திறந்தால் வெற்றுத்தாள் மிஞ்சியிருக்கலாம். இப்போதே அதைப் படமெடுத்துக் கணினியில் சேமியுங்கள். எந்திரத்தின் முன் நிற்கும்போது அந்தப் படத்தையே மூடியின் உட்புறத்தில் பொறித்துவிடுங்கள். அதுவும் சூட்டால் எழுதிய படம்தான். ஆனால் அங்கே மரத்தில் நிற்பது கரி, அது வெளிறாது.