ஹமார்ஷியா: குறையா, பிழையா?

துன்பியலில், அதாவது சோகத்தில் முடிகிற நாடகத்தில், பெரிய ஆசையோடு மேலே ஏறிப்போன கதாநாயகன் எதனால் சரிந்து விழுகிறான் என்ற கேள்விக்கு அரிஸ்டாட்டில் வைத்த சொல் ஹமார்ஷியா. கொடைக்கானலில் படித்தபோது வகுப்பில் எங்களுக்கு இதைத் 'துன்பியல் குறை' என்றுதான் எழுதிப்போட்டார்கள், நாங்களும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். அந்தத் தமிழ் எனக்கு இப்போது சரியாகப் படவில்லை.

கிரேக்கத்தில் இது குறி பார்த்து எறிகிறவர்களின் பேச்சு. 'ஹமார்தனெய்ன்' என்றால் குறி தவறுவது. ஹோமரின் இலியத்தில் எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போனால் வருவது இந்த வினைதான். அப்புறம் தப்பான கணிப்பு, தவறு என்று பொருள் விரிந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் சொல்வது என்னவென்றால், மகா உத்தமனும் இல்லாமல் அயோக்கியனும் இல்லாமல் நடுவில் நிற்கிற ஒருவன், பேரும் செல்வமுமாக இருந்தவன், கெட்ட குணத்தால் இல்லாமல் ஏதோ ஒரு ஹமார்ஷியாவால் விழுகிறான். அவரே இப்படிச் சொன்ன பிறகு அதைக் குணக்குறை ஆக்குவது என்ன நியாயம்? (புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வருகிற இதே சொல் தமிழில் 'பாவம்' ஆனது. அந்த நிழல் இந்தப் பக்கமும் விழுந்துவிட்டதோ என்னவோ.)

தாமஸ் ஹார்டி 1886இல் எழுதிய 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். குடிவெறியில் மனைவியையும் குழந்தையையும் சந்தையில் 5 கினிக்கு விற்ற ஹென்சார்ட், 21 வருஷம் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து, தானிய வியாபாரத்தில் உயர்ந்து மேயராகவே ஆகிறான். பிறகு போட்டிக்காரனை ஒழித்துக்கட்டும் வெறியில், மழைக்குறி சொல்கிற ஒருவன் பேச்சை நம்பித் தானியத்தை வாங்கிக் குவிக்கிறான். வெயில் அடிக்கிறது, விலை சரிகிறது, பயந்து நஷ்டத்துக்கு விற்றுத் தள்ளுகிறான். விற்று முடித்த பிறகு, அறுவடை நடக்கும்போது, மழை வருகிறது!

இதைப் படித்தபோது எனக்கு மேல்மலை மன்னவனூர் மாமா ஞாபகம்தான் வந்தது. பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு, அடியில் புகை போட்டு, வடுகபட்டி சந்தையில் விலை ஏறட்டும் என்று மாசக்கணக்கில் காத்திருந்தவர், விலை இறங்க இறங்க ஒருநாள் பயந்துபோய் மொத்தத்தையும் வண்டியேற்றிவிட்டார். அடுத்த மாசம் விலை ஏறியது. வாசலில் உட்கார்ந்து, விற்காமல் மிஞ்சிய ஒரு பூண்டை நசுக்கி முகர்ந்தபடி, "கணக்கு தப்பிப்போச்சு மாப்ள" என்றார். ஊர் அவரைப் பேராசைக்காரர் என்றது. அவர் கணக்கைத்தான் குற்றம் சொன்னார், அரிஸ்டாட்டிலைப் போல.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வழு' நல்ல சொல்தான், ஆனால் இலக்கணக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது. என் தேர்வு 'பிழை'. குறை ஆளோடு ஒட்டியிருப்பது, பிழை அவன் செய்வது. அதைவிட முக்கியம், பிழைத்தல் என்றாலே குறி தவறுவதுதான்:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது

முயல்மேல் பட்ட அம்பைவிட யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேல் மேல் என்கிறார் வள்ளுவர். ஹோமரின் ஈட்டியேதான், பெரிய ஆசையும் கூடவே இருக்கிறது, போதாததற்கு அதிகாரத்தின் பெயர் படைச்செருக்கு. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் "என்முதல் பிழைத்தது கெடுகவென் ஆயுள்" என்று சொல்லித்தான் விழுகிறான். கெட்டவனில்லை, விசாரிக்காமல் ஆணையிட்டவன். 'துன்பியல் பிழை' என்று எழுதினால் இவ்வளவும் உள்ளே வந்துவிடும்.

பிழைத்தல் என்ற இதே சொல்லுக்கு உயிர் தப்புவது, வயிற்றைக் கழுவுவது என்ற பொருளும் உண்டு, கிரேக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஹென்சார்ட் தன்னை யாரும் நினைக்கக்கூடாது என்று எழுதிவைத்துவிட்டுச் செத்தான். மாமா அடுத்த போகமும் பூண்டுதான் போட்டார்.