சறுக்குமரம் வாங்குவதற்கு முன் தரையைப் பாருங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பிலோ தெருமுனைப் பூங்காவிலோ பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும் என்று பேச்சு எழுந்தால், எல்லாரும் முதலில் புரட்டுவது கேட்லாக்கைத்தான். பணத்தில் பெரும்பகுதி வண்ணக் கோட்டைக்கும் யானைச் சறுக்குக்கும் போய்விடுகிறது. மிச்சத்தில் பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். விளையாடும்போது குழந்தைக்குப் பலத்த அடி படுவது பெரும்பாலும் கீழே விழுவதால்தான். அதனால் செலவின் வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் தரை, அடுத்தது நிழல், அதற்குப் பிறகுதான் சாதனங்கள்.

தரைக்கு நல்லது சலித்த ஆற்று மணல், 30 செ.மீ. ஆழத்துக்கு. அடியில் 10 செ.மீ. ஜல்லி, இரண்டுக்கும் நடுவில் நீர் வடியும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. துணி இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கிவிடும். தண்ணீர் வடியாமல் நிற்கும். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வேண்டாம். அதன் துகள்கள் கோணல்மாணலானவை, தூளும் கலந்திருக்கும். நனைந்து காய்ந்தால் இறுகிக் கெட்டியாகிவிடும். ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் சறுக்கு முடியும் இடத்திலும் கால் பட்டுப்பட்டு மணல் குழிந்துகொண்டே போகும். கம்பத்தில் மணல் மட்டத்துக்கு ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். மணல் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் யார் வேண்டுமானாலும் மண்வெட்டியால் இழுத்து நிரப்பலாம். இரவில் தார்ப்பாய் போட்டு மூடினால் பூனைகள் அசுத்தம் செய்யாது.

ரப்பர் தளம்தான் வேண்டும் என்றால், அதன் தடிமன் எத்தனை உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும் என்பதற்குச் சோதனைச் சான்று கேளுங்கள். கான்கிரீட்டின்மேல் ஒட்டிய மெல்லிய ரப்பர் தலையைக் காப்பாற்றாது. வெயிலில் வெறுங்காலையும் பொசுக்கும்.

வெயிலில் சுடாமல் இருக்கச் சறுக்கு வடக்கு பார்த்து இருக்கட்டும் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை உச்சிவெயில் தலைக்கு நேரிலோ சற்று வடக்கிலோதான் விழுகிறது, ஆகவே அந்த விதி இங்கே அரைகுறையாகத்தான் உதவும். பிள்ளைகள் இறங்கி வருவது மாலை 4 மணிக்கு. அப்போது வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். சறுக்கை மேற்கு பார்த்து வைக்காதீர்கள். மேற்குப் பக்கம் ஒரு புங்கை நடுங்கள், அது வளரும்வரை நிழல்வலை கட்டுங்கள். அழகுக்காக வேலியோரம் அரளி வைக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். இலை, பூ, விதை எல்லாமே விஷம். சொப்பு வைத்துச் சமைக்கும் குழந்தை முதலில் பறிப்பது அவற்றைத்தான்.

ஊஞ்சல் எவ்வளவு இடம் கேட்கும் என்று பலரும் கணக்குப் போடுவதில்லை. சங்கிலியை மாட்டும் கம்பி தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரம் என்றால் முன்னால் 4.8, பின்னால் 4.8 மீட்டர் காலியாக வேண்டும். பக்கங்களையும் சேர்த்தால் இரண்டு ஊஞ்சலுக்கே ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) கால்வாசி போய்விடும். இடம் குறைவென்றால் ஊஞ்சலை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வைத்தால், பலகைக்குப் பதிலாக வளையும் ரப்பர் இருக்கை வையுங்கள். ஆடிவரும் பலகை மண்டையை உடைத்துவிடும்.

இனி இடைவெளிகள். ஏணிப்படிக்கு நடுவிலும் கைப்பிடிக் கம்பிக்கு நடுவிலும் உள்ள சந்து 9 செ.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 23 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். நடுப்பட்ட அளவில் சிறு குழந்தையின் உடம்பு கால்வழியாக நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். அட்டைப்பெட்டியில் இந்த இரண்டு அளவுக்கும் துண்டு வெட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு சந்திலும் நுழைத்துப் பாருங்கள், பத்து நிமிட வேலை. சறுக்கின் உச்சியில் துப்பட்டாவோ கழுத்துக் கயிறோ மாட்டும்படி போல்ட் துருத்திக்கொண்டிருந்தால் அன்றைக்கே அறுத்து மழுக்குங்கள். இன்னொன்று: குழந்தையை மடியில் வைத்துப் பெரியவர்கள் சறுக்க வேண்டாம். குழந்தையின் செருப்பு ஓரத்தில் பிடித்துக்கொள்ளும்; பெரியவரின் எடையோ கீழே இழுக்கும். முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவது இப்படித்தான்.

இவ்வளவும் சரியானால், சாதனம் அதிகம் வேண்டியதே இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 1947-இல் பெர்டெல்மான்பிளெய்ன் சதுக்கத்தில் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக்கலைஞர் வைத்தவை ஒரு மணல்தொட்டி, வட்டக் கான்கிரீட் கட்டைகள், குட்டிக்கரணம் போடக் கம்பிகள் போன்ற மிக எளிய பொருள்களே. 1978-க்குள் அந்த நகரில் அவர் வடிவமைத்த திடல்கள் 700-ஐத் தாண்டின. அந்தக் கட்டை எதைப் போலவும் இல்லாததால் இன்றைக்குக் கப்பலாகும், நாளைக்குக் கடையாகும். யானைச் சறுக்கு என்றைக்கும் யானைதான். மணல்தொட்டியின் அகலமான விளிம்பு பெரியவர்கள் உட்காரவும் பிள்ளைகள் மண்சோறு வடிக்கவும் இடம் தந்தது. நம் திண்ணை செய்த வேலை அது.

அந்த விளிம்பை இங்கே 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் கட்டலாம், முனைகளை மழுக்கி. தொட்டிக்குள் சிரட்டை, மூங்கில் துண்டு, பழைய சேலை போட்டு வையுங்கள். விளிம்பில் கான்கிரீட் இறுகுமுன் கிண்ணத்தின் அடியால் ஏழேழாக இரண்டு வரிசை, 14 குழி அழுத்துங்கள். ஆழம் 2 செ.மீ. போதும், மழைநீர் தேங்கினாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். புளியங்கொட்டையைப் பாட்டிகள் கொண்டுவந்துவிடுவார்கள்.