சக்ஷன்: சளியை எடுக்கும் கருவிக்கு நம் சொல் எது?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எந்த ஆசுபத்திரி வார்டில் நின்றாலும் காதில் விழும் சொல் இது. "ஏழாம் கட்டிலுக்குச் சக்ஷன் போடுங்க." "சக்ஷன் வேலை செய்யுதில்ல, மற்ற மெசினக் கொண்டு வாங்க." மெசினுக்கும் அதே பெயர், அதில் பொருத்தும் மெல்லிய குழாய்க்கும் அதே பெயர், செய்யும் வேலைக்கும் அதே பெயர். இளம் தாதியருக்கு இந்தக் கருவியைப் பழக்குகிறவள் நான். ஒரு சொல் இப்படி மூன்று வேலை பார்ப்பதால் பழகுகிறவரின் கை எங்கே தடுமாறுகிறது என்று பலமுறை கண்டிருக்கிறேன்.

முதலில் பொருள். நமக்குச் சளி கட்டினால் இருமித் துப்பிவிடுகிறோம். இருமல் என்பது சாதாரண வேலை இல்லை. மூச்சை ஆழமாக இழுத்து, குரல்வளையை மூடி, உள்ளே அழுத்தத்தை ஏற்றி, சட்டென்று திறந்துவிட வேண்டும். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தவருக்கும், நினைவு தப்பிச் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கும் இது முடியாது. அவர்களுடைய சளியை வெளியே கொண்டுவருவதுதான் சக்ஷன்.

சொல்லின் வேர் இலத்தீன். 'சூகெரே' என்ற வினைக்கு வாயால் உறிஞ்சுதல் என்று பொருள். தமிழில் இந்த இடத்தில் பல வினைகள் உண்டு. பிள்ளை விரல் சூப்பும். மாங்கொட்டையைச் சப்புவோம். வாவி நண்டின் காலை உடைத்து உள்ளிருப்பதை உறிஞ்சுவோம். முதலிரண்டிலும் வாய்க்குள் வைத்திருப்பதே முக்கியம், உள்ளே ஏதும் வந்தாலும் வராவிட்டாலும் சரி. மூன்றாவதில், குழல் போன்ற ஒன்றின் வழியே ஒரு பொருள் இடம் மாறி வருகிறது. மெசின் செய்வதும் அதைத்தான். ஆகவே 'உறிஞ்சல்' பொருத்தமான சொல். சிறுகுடல் உணவுச் சத்தை உள்ளெடுப்பதை 'அகத்துறிஞ்சல்' என்று நம் பள்ளிப் புத்தகங்களில் படித்தவர்களுக்கு இது புதிதாகவும் இராது. செயலுக்குச் 'சளி உறிஞ்சல்', மெசினுக்குச் 'சளி உறிஞ்சி', உள்ளே விடும் குழாய்க்கு 'உறிஞ்சு குழாய்' என்று மூன்றாகப் பிரிப்பதே என் விருப்பம்.

பிரிப்பது ஏன் அவசியம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. உறிஞ்சு குழாயின் மேல் முனையில் கட்டைவிரலால் மூடக்கூடிய ஒரு சிறு துளை இருக்கும். அது திறந்திருந்தால் மெசின் வெளிக்காற்றை இழுக்கும், மூடினால்தான் நோயாளியின் பக்கம் உறிஞ்சும். குழாயை உள்ளே விடும்போது துளை திறந்தே இருக்க வேண்டும். மூடிக்கொண்டு விட்டால் நுனி மூச்சுக்குழாயின் உட்சுவரைப் பிடித்துக் காயப்படுத்தும், நுரையீரலில் இருக்கும் ஒட்சிசனையும் இழுத்துவிடும். வெளியே எடுக்கும்போது மட்டும், மெதுவாகச் சுழற்றியபடி, உறிஞ்ச வேண்டும். "சக்ஷன் போடுங்க" என்று ஒரே சொல்லில் சொன்னால் புதியவர் என்ன செய்வார்? குழாயை நீட்டும் கணத்திலேயே விரலும் துளையை மூடிவிடும். நான் பழக்கும்போது இரண்டு வினைகளைத் தனித்தனியே சொல்லுவேன்: செலுத்துங்க, அப்புறம், உறிஞ்சுங்க. இதற்குப் பிறகு அந்தத் தவறு குறைந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

மற்றவை கணக்கு. உள்ளே விட்டு எடுத்து முடிக்க 15 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது. தொடங்கும் முன் ஒட்சிசன் கூட்டிக் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு மெசினின் உறிஞ்சும் அழுத்தத்தைப் பொதுவாக 80 முதல் 120 மில்லிமீற்றர் இரச அளவில் வைக்கப் பழக்குகிறோம். உறிஞ்சு குழாயின் பருமன், நோயாளி மூச்சுவிட வைத்திருக்கும் குழாயின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இந்தப் பருமனை 'பிரெஞ்ச்' என்ற அளவால் சொல்லுவார்கள். 3 பிரெஞ்ச் என்றால் 1 மில்லிமீற்றர். வைத்திருக்கும் குழாய் 8 மில்லிமீற்றர் என்றால் பாதி 4, அதாவது 12 பிரெஞ்ச் வரை போகலாம். இந்தக் கணக்கைத் தமிழில் ஒருதரம் சொல்லிக் கொடுத்தால் பிறகு யாரும் மறப்பதில்லை.

வார்டில் வேறு இரண்டு தமிழ் வழக்குகளும் உண்டு. ஒன்று 'சளி எடுக்கிறது'. இயல்பான பேச்சுத்தான், ஆனால் காசநோய்ப் பரிசோதனைக்குச் சளி கொடுப்பதையும் அப்படியே சொல்லுகிறோம். மற்றது 'சளி இழுக்கிறது'. 'இழுப்பு' என்றால் நம் ஊரில் மூச்சு இழுப்பும் வலிப்பும் நினைவுக்கு வரும். "அம்மாவுக்கு இழுக்க வேணும்" என்று சொன்னால் வீட்டார் பயந்துவிடுவார்கள்.

'சளி' என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். தெலுங்கில் 'சலி', கன்னடத்தில் 'சளி' என்றால் குளிர். நம் சொல்லும் அந்தக் குடும்பம்தான். ஆங்கிலத்தில் சளிக்குச் சொல்லும் 'ஃபிளெம்' கிரேக்கத்தில் எரிதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. ஒரே பொருளை நாம் குளிரோடு சேர்த்தோம், அவர்கள் சூட்டோடு சேர்த்தார்கள். எனக்கு இது நினைக்க நினைக்க வியப்பு.

இனி, சக்ஷனையும் உள்ளடக்கிய பெரிய சொல்லான 'ஏர்வே கிளியரன்ஸ்', அதாவது மூச்சுப் பாதையில் தேங்கிய சளியை அகற்றுதல். 'ஏர்வே'க்கு உயிரியல் புத்தகத்தின் 'வாதனாளி' மூச்சுக்குழாயை மட்டும் குறிக்கும். மூக்கிலிருந்து நுரையீரல் வரை முழுப் பாதையையும் சொல்ல 'மூச்சுவழி' போதும். 'கிளியரன்ஸ்' என்பதற்குச் 'சுத்திகரிப்பு' என்றால் குடிநீர் நினைவு வருகிறது. 'மூச்சுவழிச் சளியகற்றல்' நேராக விளங்கும். இதில் உறிஞ்சல் ஒரு வகை. தசை தளர்ந்தவருக்கு முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி உடனே திருப்பி இழுத்து, இருமலைப்போலவே செய்யும் கருவியும் உண்டு. இளம்பிள்ளைவாதம் பரவிய 1950களில் பிறந்த யோசனை அது. அதற்கு 'இருமல் துணைக்கருவி' என்று சொல்லலாம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஒரு மகள் வந்திருந்தார். கழுத்தில் குழாயோடு அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், இந்த வேலை முழுவதும் அவர்தான் பழக வேண்டும். முதல்நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள், "மிஸ், நான் எழுதி வச்சிருக்கன், சரியா பாருங்க" என்று கொப்பியை நீட்டினார். பக்கத்தில் இரண்டே வரி:

"போகக்குள்ள துளை திறந்து.
வரக்குள்ள துளை மூடி."