எடுக்காத நான்காம் பாகம்

2007இல் 'ஸ்பைடர்மேன் 3' வந்தபோது ரசிகர்கள் இயக்குநர் சாம் ரைமியை விட்டுவைக்கவில்லை. முடியை நெற்றியில் விழவிட்டுக்கொண்டு கதாநாயகன் டோபி மகுவயர் நியூயார்க் தெருவில் ஆடிக்கொண்டே போவாரே, அந்தக் காட்சி பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல. (எனக்கு அது பிடித்திருந்தது. சரி, அதை விடுங்கள்.) 2010 ஜனவரியில் ரைமி நான்காம் பாகத்திலிருந்து விலகினார். 2011 மே மாதத் தேதிக்குள் தனக்குத் திருப்தியான கதை அமையாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சோனி நிறுவனம் புது இயக்குநர், புது நடிகர் என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. கேலி செய்தவர்களே 'ஐயோ, போய்விட்டாரே' என்றார்கள்.

மனசு ஏன் இப்படிப் புரள்கிறது? ஒரு காபி கோப்பையை வைத்துப் பார்க்கலாம். டேனியல் கானமன், ரிச்சர்ட் தேலர் உள்ளிட்ட மூவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு அது. வகுப்பில் பாதிப் பேருக்குக் கார்னெல் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட கோப்பையைச் சும்மா கொடுத்தார்கள். கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஆனாலும் விற்கச் சொன்னபோது, வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். கையில் இருப்பதை விடுவது மூளைக்கு நஷ்டக் கணக்கு. அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அந்த நஷ்டம் அதிகமாக உறுத்தும். சில நிமிடக் கோப்பைக்கே இப்படி என்றால், மூன்று படங்கள் கூடவே வந்த இயக்குநருக்கு?

அப்புறம் ஞாபகத்தின் வேலை. 1997இல் வந்த ஓர் ஆய்வில், கலிபோர்னியாவில் மூன்று வாரம் சைக்கிள் பயணம் போனவர்களிடம் போகும்போதும் கேட்டார்கள், திரும்பிய பிறகும் கேட்டார்கள். வழியில் சலித்துக்கொண்டவர்களுக்கும் பிற்பாடு அது நல்ல பயணமாகத் தெரிந்தது. மூன்றாம் பாகத்தின் ஆட்டமும் அப்படித்தான் மெல்ல மன்னிக்கப்பட்டது.

இதில் அகப்பட்டவர் சோனி கொண்டுவந்த புது இயக்குநர் மார்க் வெப். 2012இல் வந்த அவருடைய படம் திரையில் ஓடியது; யார் வேண்டுமானாலும் குறை எடுக்கலாம். ரைமியின் நான்காம் பாகமோ ஒவ்வொரு ரசிகரின் தலைக்குள்ளும் அவரவர் விருப்பப்படி ஓடியது. அதில் தொய்வான காட்சி எங்கிருந்து வரும்?

2020 ஜனவரியில் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் பாகத்திலிருந்து அதன் இயக்குநர் ஸ்காட் டெரிக்சன் விலகினார். அந்த நாற்காலிக்கு வந்தவர் ரைமி. 2022இல் படம் வெளியானதும், டெரிக்சன் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கவும் ஆள் இருந்தது.