ஒவ்வொரு கோட்டின் மேலும் யார் யாருக்குப் பணம் கட்டுகிறார் என்று எழுதுங்கள்

சிறிய இணையச் சேவை நிறுவனம் ஒன்றுக்காக ஒரு சிமுலேஷன் செய்தேன். அவர்களுக்கு இரண்டு அப்ஸ்ட்ரீம்கள், அதாவது காசு வாங்கிக்கொண்டு வெளி இணையத்தோடு இணைத்துவிடும் நெட்வொர்க்குகள். ஒன்று போனால் மற்றது தாங்குமா என்பதுதான் கேள்வி. நெட்வொர்க்குகளைப் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் வரைந்து, ட்ராஃபிக் குறைந்த ஹாப் (ஒரு நெட்வொர்க்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது) உள்ள பாதையில் போகட்டும் என்று ஓடவிட்டேன். எந்த இணைப்பை அறுத்தாலும் எல்லோரும் எல்லோரையும் எட்டினார்கள். அப்புறம் பாதைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது திக்கென்றது. அந்த இரண்டு அப்ஸ்ட்ரீம்களுக்கும் இடையிலான இணைப்பை அறுத்த ஓட்டத்தில், அவர்களின் ட்ராஃபிக் இந்தச் சின்ன நிறுவனத்துக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. இருவருக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறவர், அவர்களின் சுமையை இலவசமாகத் தூக்குவாரா?

நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பாதைகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறையான பிஜிபி நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. பணம் கட்டும் வாடிக்கையாளர் நெட்வொர்க் வழியாக வரும் ரூட் (ஓர் இடத்தை எட்டும் பாதை) வருமானம், அதற்கே முதலிடம். அடுத்து, பெரும்பாலும் பணமில்லாமல் ட்ராஃபிக்கைப் பரிமாறிக்கொள்ளும் நெட்வொர்க்கான பியர். காசு கொடுத்து வாங்கும் அப்ஸ்ட்ரீம் கடைசி. அறிவிப்பதிலும் கணக்கு உண்டு: வாடிக்கையாளரின் ரூட்டை எல்லோருக்கும் சொல்லலாம், பியரும் அப்ஸ்ட்ரீமும் தந்ததை வாடிக்கையாளருக்கு மட்டுமே சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் லிக்சின் காவோவும் ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்டும் 2001-இல் வெளியான ஆய்வில் இதற்கு நிரூபணம் தந்தார்கள்: எல்லோரும் இப்படி நடந்து, யாரும் சுற்றிவளைத்துத் தனக்கே வாடிக்கையாளராக இல்லாவிட்டால், ரூட்டிங் தானாகவே நிலைபெறும்.

இந்த விதி ஒரே இடத்தில் மீறப்பட்டாலும் என்ன ஆகும் என்பதை 2018 நவம்பர் 12 காட்டியது. நைஜீரியாவின் இணையச் சேவை நிறுவனமான மெயின்ஒன், தன் பியரான கூகுளிடமிருந்து பெற்ற ரூட்களைத் தவறுதலாக சைனா டெலிகாமுக்கு அறிவித்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக கூகுள் சேவைகள் பலருக்கும் தடுமாறின. என் முதல் சிமுலேஷன் "நல்ல மாற்று வழி" என்று காட்டியதும் இதே வகைப் பாதைதான்.

யார் யாருக்குப் பணம் கட்டுகிறார் என்ற உறவுகளை எங்கே எடுப்பது? இணையத்தை அளந்து ஆராயும் கெய்டா (CAIDA) அமைப்பு வெளியிடும் தரவில் ஒவ்வொரு இணைப்புக்கும் குறி உண்டு: -1 என்றால் அப்ஸ்ட்ரீம்-வாடிக்கையாளர், 0 என்றால் பியர். ஆனால் அது ஊகித்து எழுதிய தரவு. பியர் இணைப்புகள் அதில் நிறைய விடுபடும், ஏனென்றால் பியர் ரூட் கீழே உள்ள வாடிக்கையாளரைத் தாண்டி வெளியே தெரியாது. ஐரோப்பாவின் ஒரே ஒரு இணைய எக்ஸ்சேஞ்சில் (பல நெட்வொர்க்குகள் ஒரே இடத்தில் இணைந்துகொள்ளும் மையம்) 50,000-க்கும் மேற்பட்ட பியரிங்குகள் இருப்பதை 2012-இல் வந்த ஓர் ஆய்வு கண்டது. அதனால் ஒரே எக்ஸ்சேஞ்சில் இருப்பவர்களிடையே பியர் கோடுகளைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முறை ஓட்டுவேன். இரண்டிலும் மாறாமல் நிற்கும் முடிவை மட்டும்தான் எனக்கு வேலை கொடுத்தவரிடம் சொல்வேன்.

குறிகளைப் போட்டு மறுபடி ஓட்டியபோது அந்த நிறுவனத்தின் மாற்று வழிகளில் ஒன்று காணாமல் போனது. அது ஒரு பியர் வழியாகப் போன பாதை. வெளி இணையத்துக்கான ரூட்களை அந்தப் பியர் இவர்களுக்குத் தரப்போவதில்லை. அந்த இணைப்பையும் நம்பித் திட்டமிட்டிருந்தவர்கள், அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு இரண்டாவது அப்ஸ்ட்ரீமின் கொள்ளளவைக் கூட்டினார்கள்.