கடற்பாசிச் சக்கை: எங்கே போகிறதோ, அதற்கேற்ற விதி

நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் வைக்கும் கடற்பாசியை வீட்டில் காய்ச்சும்போது அது முழுவதும் கரைந்துவிடுவதால், அதற்குச் சக்கை என்று ஒன்று உண்டு என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. கடையில் கிடைக்கும் இழையும் தூளும் ஏற்கெனவே வேறெங்கோ வடித்தெடுக்கப்பட்டவை. உலர்ந்த முழுப்பாசியை வாங்கி, ஊறவைத்து, கொதிக்கவைத்து, கூழை மட்டும் வடித்தெடுக்கும் தொழிற்கூடங்களில்தான் வடிதுணிக்குள் மிச்சம் தங்குகிறது: நார்ப்பொருள், சிறிதளவு புரதம், உப்பு, தாதுக்கள், வடிகட்ட உதவும் பெர்லைட் என்ற பாறைத்தூளைச் சேர்த்திருந்தால் அந்தத் தூளும். இதை உரமாகவோ தீனியாகவோ பொதிபொருளாகவோ மாற்ற விரும்பும் சிறு நிறுவனங்கள் சிங்கப்பூரில் எந்தெந்த விதிகளுக்கு உட்படுகின்றன, என்ன நிதியுதவியை நாடலாம் என்பதை இந்த விளக்கம் கூறுகிறது.

அரசாங்கத்தின் அக்கறைக்குக் காரணம் இடநெருக்கடி. எரிக்கப்படும் குப்பையின் சாம்பல் செல்லும் செமாக்காவ் நிரப்புநிலம் 1999இல் திறக்கப்பட்டது. இப்போதைய வேகத்தில் அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. அங்கு செல்லும் குப்பையின் அளவை, தலைக்கு ஒரு நாளுக்கு என்ற கணக்கில், 2030க்குள் 30 விழுக்காடு குறைப்பது கழிவில்லாப் பெருந்திட்டத்தின் இலக்கு. 2023இல் நாட்டில் உண்டான உணவுக் கழிவு ஏறத்தாழ 755,000 டன். அதில் மறுசுழற்சி செய்யப்பட்டது 18 விழுக்காடு மட்டுமே. உணவு தயாரிப்பில் எஞ்சும் பாசிச் சக்கையும் இந்த உணவுக் கழிவைச் சேர்ந்ததே. பிழிந்த பிறகும் அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், அதை எரிப்பது தண்ணீரைக் கொதிக்கவைக்கச் செலவழிப்பதற்கு ஒப்பாகும்.

சட்டக் கடப்பாடு யாருக்கு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 2019ஆம் ஆண்டின் வள நீடித்த நிலைத்தன்மைச் சட்டத்தின்கீழ், அதிக உணவுக் கழிவை உண்டாக்கும் புதிய வணிக, தொழிற்கட்டடங்கள் தங்கள் வரைபடத்திலேயே உணவுக் கழிவுச் சுத்திகரிப்புக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்ற விதி 2021 முதல் நடப்பில் உள்ளது. கழிவைப் பிரித்துச் சுத்திகரிக்கும் கடப்பாடு 2024 முதல் அத்தகைய கட்டடங்களுக்குப் படிப்படியாக வந்துள்ளது. பாண்டான் லூப்பிலோ செனோக்கோவிலோ பழைய கட்டடத்தில் ஓர் அலகை வாடகைக்கு எடுத்திருப்பவருக்கு இது நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். கட்டட நிர்வாகத்திடம் ஒரு முறை எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொண்டால் பின்னர் குழப்பம் இராது. கடப்பாடு இல்லாதவர் தாமாக முன்வந்து செய்வதற்குத் தடையேதுமில்லை. ஆனால் சக்கை உங்கள் கதவைத் தாண்டிய கணத்திலிருந்து வேறு விதிகள் தொடங்கிவிடுகின்றன.

சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, பிறருடைய கழிவை எடுத்துச் செல்வதைத் தொழிலாகச் செய்பவருக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பொதுக் கழிவுச் சேகரிப்பாளர் உரிமம் தேவை. உணவுக் கழிவு போன்று அழுகக்கூடியவை அந்த உரிமத்தின் ‘பி’ பிரிவில் அடங்கும். பலரிடமிருந்து கழிவைப் பெற்று, சேமித்து, பதப்படுத்தும் இடத்துக்குப் பொதுக் கழிவு அகற்றும் வசதிக்கான உரிமம் 2017 முதல் தனியாக உண்டு. நான்கு நண்பர்கள் சேர்ந்து தங்கள் நான்கு கூடங்களின் சக்கையையும் ஓரிடத்தில் கொட்டி உலர்த்தலாம் என்று நினைப்பது இயல்பானதே. அப்போது அந்த ஓரிடம் சட்டத்தின் பார்வையில் தொழிற்கூடமாக மட்டும் இராமல், கழிவு பதப்படுத்தும் நிலையமாகவும் ஆகிவிடக்கூடும். விலக்குகளும் உண்டு என்பதால், இயந்திரம் வாங்குவதற்கு முன்பே வாரியத்திடம் கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

எல்லாரும் சக்கையைப் பற்றியே பேசுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கிறது. பாசியை ஊறவைத்துக் கழுவும் முதல் நீரில் கடலுப்பு கரைந்து இறங்குகிறது. தொழிற்கழிவுநீரைப் பொதுச் சாக்கடையில் விடுவதற்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவைப்படுவதுடன், ஒரு லிட்டரில் குளோரைடு 1,000 மில்லிகிராமையும், மொத்தக் கரைபொருள் 3,000 மில்லிகிராமையும் மீறக்கூடாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு இருப்பதை நினைத்துப் பார்த்தால், வெள்ளைப் படலமாக உப்புப் பூத்து வரும் உலர்பாசியின் முதல் கழுவுநீர் இந்த வரம்பை எவ்வளவு எளிதாகத் தாண்டும் என்பது புரியும். காரம் (அல்கலி) சேர்த்துக் காய்ச்சுவோர் நீரின் காரகாடித்தன்மையை (pH) 6க்கும் 9க்கும் இடையில் கொண்டுவந்த பிறகே வெளியேற்ற முடியும். பயன்படுத்தித் தீர்ந்த செறிவான காரக் கரைசல் நச்சுத் தொழிற்கழிவு விதிகளுக்குள் வரக்கூடும். கழுவும் முன் மூட்டையை உதறி, தளர்ந்த உப்பைத் திடப்பொருளாகவே பிரித்துவிடுவது செலவில்லாத முன்னெச்சரிக்கை.

இனி, பிரித்துவைத்தல். மறுசுழற்சி நிறுவனங்கள் விரும்புவது ஒரே தன்மையுள்ள கழிவை. சோயாச் சக்கையும், பீர் தயாரிப்பில் மிஞ்சும் தானியமும் தீனியாக விலைபோவதற்குக் காரணம் அவற்றில் வேறெதுவும் கலந்திராததே. பாசிச் சக்கைக்கு இதில் ஓர் இடையூறு உண்டு. வளர்ப்புப் பாசியின் நாற்றுகளைக் கயிற்றில் கட்டுவதற்குப் பல இடங்களில் மெல்லிய பிளாஸ்டிக் நாரைப் பயன்படுத்துகிறார்கள். அறுவடையின்போது அந்தத் துண்டுகள் பாசியோடு சேர்ந்து காய்ந்து வந்துவிடுகின்றன. ஊறிய பாசியைக் கையால் அளைந்து பார்த்தால் விரலில் முதலில் சிக்குவது அதுதான். கொதித்த பிறகு தேடினால் சக்கையின் நிறத்திலேயே கிடக்கும், கண்ணுக்குப் படாது. நான் பார்த்த ஒரு கூடத்தில் இரண்டு வாரச் சக்கையை எடுத்துச் சென்றவர், அதை அரைத்தபோது நீல நார் வந்ததாகச் சொல்லி முழுவதையும் திருப்பி அனுப்பினார். அதன்பின் அங்கே ஊறவைக்கும் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டு வைத்து நாரைப் பொறுக்குகிறார்கள். இன்னொன்று, நம் வெப்பத்தில் ஈரச் சக்கை காலையில் கடல்வாடை வீசும், மாலையில் அழுகல்வாடை வீசும். குளிரறையில் வைப்பதா, அன்றே உலர்த்துவதா என்ற முடிவு தொழில்நுட்பத் தேர்வுக்கு முன்னதாகவே எடுக்கவேண்டிய ஒன்று.

சக்கை மண்ணுக்குப் போவதானால் வழி ஓரளவு எளிது. உப்பை நன்றாகக் கழுவி, காய்ந்த இலையோடும் மரத்தூளோடும் சேர்த்து மட்கவைக்கலாம்; உப்பு மிஞ்சினால் செடி கருகும் என்பதை மாடித் தோட்டக்காரர்களே சொல்வார்கள். கால்நடைக்கோ மீனுக்கோ தீனியாகப் போவதானால் கவனம் கூடுகிறது. பாசி கடலிலிருந்து ஆர்செனிக், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் இயல்புடையது, அயோடினும் மிகுதி. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய உணவுச் சட்டம், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளின் தீனியையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அது கட்டங்கட்டமாக நடப்புக்கு வருவதால், எந்தப் பகுதி இப்போது அமலில் உள்ளது என்பதைச் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மனிதர் உண்பதற்கே சக்கையின் நார்ப்பொருளைத் தூளாக்கி விற்பதென்றால், பாசி பழங்கால உணவு என்ற வாதம் போதாது. குறிப்பிடத்தக்க அளவு மக்கள் குறைந்தது 20 ஆண்டுகள் பாதுகாப்பாக உண்டுவந்ததற்கு ஆதாரம் இல்லாத பொருள் ‘புதுவகை உணவு’ எனக் கருதப்பட்டு, விற்பனைக்கு முன் பாதுகாப்பு மதிப்பீட்டுக்கு உட்படும். பாசியை உண்ட வரலாறு அதன் சக்கையை உண்ட வரலாறாகாது. தட்டு, குவளை, பொதிபொருள் செய்வோர் உணவைத் தொடும் பொருளுக்கான விதிகளையும் பார்க்கவேண்டும்.

நிதியுதவியில் முதலில் பார்க்கத்தக்கது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 3ஆர் (குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி) நிதி. 2009இல் தொடங்கிய இத்திட்டம், கழிவைக் குறைக்கும் அல்லது மறுசுழற்சி செய்யும் திட்டங்களின் தகுதிபெறும் செலவில் 80 விழுக்காடு வரை, 1 மில்லியன் வெள்ளி உச்சவரம்புக்கு உட்பட்டு, ஏற்றுக்கொள்ளும் வகையில் வகுக்கப்பட்டது. 80 விழுக்காடு என்பது உச்சமே. அதை எல்லாரும் பெறுவார்கள் என்று எண்ணி வங்கிக்கடன் கணக்கைப் போடுவது ஆபத்தானது. எவ்வளவு கழிவு உண்மையில் குறைந்தது என்பது தொகையைத் தீர்மானிப்பதால், எடைக் குறிப்பேடு இல்லாத விண்ணப்பம் வலுவிழக்கும். கழிவைக் குறைப்பதைக் காட்டிலும் புதிய பொருளை உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவருவதே நோக்கமானால், எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நிறுவன மேம்பாட்டு மானியம் பொருத்தமாக இருக்கும். அதற்கு நிறுவனத்தில் குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்குடைமை இருக்கவேண்டும். விகிதங்களும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் உள்ளதைப் படிக்கவேண்டும். எந்த மானியமானாலும் ஒப்புதல் கடிதம் கைக்கு வருமுன் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிவிடக்கூடாது. தொடங்கிவிட்ட திட்டத்துக்குப் பொதுவாக உதவி கிடைப்பதில்லை.

எடைக் குறிப்பேட்டை இன்றே தொடங்கலாம். வந்த உலர்பாசியின் எடை, பிழிந்த சக்கையின் எடை, அதிலிருந்து ஒரு கைப்பிடியை அடுப்பில் முழுவதும் உலர்த்திய பின் எடை ஆகிய மூன்றையும் நாள்தோறும் எழுதவேண்டும். ஈர எடையை மட்டும் எழுதினால், துணியை ஒரு நாள் நன்றாகப் பிழிந்ததும் மறுநாள் அரைகுறையாகப் பிழிந்ததும் கழிவு குறைந்ததாகவும் கூடியதாகவும் காட்டும். மதிப்பீட்டு அதிகாரி கேட்கும் முதல் கேள்வி இந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றியதாகவே இருக்கும்.